பள்ளியைத் தேர்ந்தெடுப்பது யார்?

காலை ஏழரை மணிக்கு சங்கரன்கோவிலில் இருந்து கிளம்பும் மஞ்சள் வேன்கள், கரிவலம்வந்தநல்லூர், குருவிகுளம், மேலநீலிதநல்லூர் பக்கத்துச் சாலைகளில் ஊர் ஊராக நின்று பிள்ளைகளை ஏற்றுகின்றன. டையும் ஷூவும் போட்ட பிள்ளைகள் ஏறுகிறார்கள். வேன் பெரும்பாலும் ஊர்த் தெரு முகப்போடு திரும்பிவிடும். நம் தெரு அதைத் தாண்டி உள்ளே இருக்கும். அங்கிருந்து இரண்டொரு பிள்ளைகள் மட்டும் நடந்து வந்து ஏறுவார்கள். மற்றவர்கள் புத்தகப் பையோடு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்கு நடந்து போவார்கள்.

பள்ளி சேர்க்கை நேரத்தில் நம் தெருக்களில் ஒரே பேச்சுதான். தறிக்கூடத்தில் வேலை பார்க்கும் ஒரு தாய் நம்மிடம் கேட்டார்: “அண்ணே, மூத்தவன நம்ம ஊருப் பள்ளிக்கூடத்துலதான் போட்டேன். அஞ்சாவது முடிச்சுட்டான், இன்னும் எழுத்துக் கூட்டித்தான் படிக்கான். சின்னவள வேன்ல ஏத்தி விடலாம்னு பாக்கேன். நீங்க என்ன சொல்லுதீய?”

நம்மால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. இந்தக் கேள்விக்குள் நாடு முழுவதும் நடக்கும் ஒரு பெரிய விவாதம் அடங்கியிருக்கிறது. பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்க வேண்டும் என்பதைப் பெற்றோரே முடிவு செய்யட்டும், அரசு பள்ளிக்குக் கொடுக்கும் பணத்தைப் பெற்றோர் கையில் கூப்பனாகக் கொடுத்துவிடட்டும் என்று ஒரு தரப்பு சொல்கிறது. அப்படிச் செய்தால் அரசுப் பள்ளிகள் அழிந்துவிடும், எல்லோரும் அருகமைப் பள்ளியில்தான் படிக்க வேண்டும் என்று இன்னொரு தரப்பு சொல்கிறது. இரு தரப்பிலும் படித்தவர்கள் பேசுகிறார்கள். அந்தத் தறிக்கூடத் தாயின் இடத்தில் நின்று பேசுபவர்கள் குறைவு.

நமக்குத் தேர்வு எப்போது இருந்தது?

பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நம்மிடம் இருந்து யாரோ புதிதாகப் பறித்துவிட்டது போலச் சிலர் பேசுகிறார்கள். அது நம்மிடம் இருந்ததே இல்லை. அம்பேத்கர் சிறுவனாக இருந்தபோது வீட்டில் இருந்து கோணிப்பை கொண்டுபோய் வகுப்பின் ஒரு மூலையில் விரித்து உட்கார்ந்தார். பட்டாளத்துக்காரரின் மகனுக்கே அந்த நிலை. சாதாரண விவசாயக் கூலியின் மகனுக்குப் பள்ளிக்கூடத்தின் வாசல்கூடத் தெரியாது.

சென்னை மாகாணத்தில் பஞ்சமர் கல்விக்கென்று தனிச் சலுகைகளை அறிவித்த அரசாணை வந்தது 1893-ல்தான். அடுத்த ஆண்டு அடையாறு பகுதியில் கர்னல் ஆல்காட் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். திருநெல்வேலிச் சீமையில் அதற்கு முன்பே மிஷனரிகள் கிராமங்களில் பள்ளிகளைத் திறந்திருந்தார்கள். ‘எங்களையும் உள்ளே விடுங்கள்’ என்று கேட்பதிலேயே நம் பாட்டன்மாரின் காலம் கழிந்தது. எது நல்ல பள்ளி என்று அலசிப் பார்க்கும் இடத்துக்கு அவர்கள் வரவே இல்லை.

1953-ல் ராஜாஜி அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியில் இருக்கட்டும், மீதி நேரம் தகப்பன் செய்யும் தொழிலைக் கற்கட்டும் என்றார்கள். சலவைத் தொழிலாளியின் மகன் சலவையையும், செருப்புத் தைப்பவரின் மகன் செருப்புத் தைப்பதையும் கற்க வேண்டும் என்பதுதான் அதன் பொருள். குலக்கல்வி என்று பெயர் சூட்டி தமிழ்நாடே எதிர்த்தது. 1954-ல் காமராஜர் முதல்வரானதும் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. 1956-ல் மதிய உணவுத் திட்டம் வந்தது. அது தொடங்கிவைக்கப்பட்ட எட்டயபுரம் நமக்குப் பக்கத்து ஊர்தான். சோறும் பள்ளிக்கூடமும் ஒரே இடத்தில் கிடைத்த பிறகுதான் நம் தெருப் பிள்ளைகள் கூட்டமாகப் பள்ளிக்குப் போனார்கள்.

இன்றைக்கு எழுதப் படிக்கத் தெரிந்த நம்மில் பெரும்பாலோர் அந்த அரசுப் பள்ளிகளும் உதவிபெறும் பள்ளிகளும் வளர்த்தெடுத்த பிள்ளைகள். அந்த நன்றியை மறக்காமல்தான் மற்றதைப் பேச வேண்டும்.

பாஞ்சாகுளத்தின் மிட்டாய்

பள்ளியைப் பற்றிப் பேசும்போது பள்ளிக்குப் போகும் வழியையும் பேச வேண்டும். 2022 செப்டம்பரில் சங்கரன்கோவில் அருகே பாஞ்சாகுளத்தில் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கையில் காசோடு பெட்டிக் கடைக்குப் போனார்கள். ஊர்க் கட்டுப்பாடு போட்டாயிற்று, உங்களுக்கு இனி தின்பண்டம் தர முடியாது, வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்று அந்தப் பிள்ளைகளைக் கடைக்காரர் திருப்பி அனுப்பினார். அதை வீடியோவும் எடுத்துப் பரப்பினார்கள்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கு பதிவானது. கைது நடந்தது, கடைக்குச் சீல் வைத்தார்கள். குற்றம்சாட்டப்பட்டவர்கள் ஆறு மாதம் ஊருக்குள் நுழையக் கூடாது என்று நீதிமன்றம் தடை விதித்தது. சட்டத்தில் இருந்தும் அதிகம் பயன்படுத்தப்படாத அந்த ஊர்விலக்குப் பிரிவைக் காவல் துறை கையில் எடுத்தது நல்ல முன்னுதாரணம்.

ஆனால் அந்தப் பிள்ளைகளின் முகத்தை நினைத்துப் பாருங்கள். ஏன் தரவில்லை என்று கேட்டு நின்ற அந்தச் சின்ன முகங்களை நாடே பார்த்தது. மிட்டாய் வாங்கும் கடையைக்கூடத் தேர்ந்தெடுக்க முடியாத ஊரில், பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை என்று ஒன்றைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தால் அது எப்படி வேலை செய்யும்? தேர்வு என்பது கையில் இருக்கும் காசு மட்டும் அல்ல. எதிரே இருப்பவர் விற்கச் சம்மதிக்க வேண்டும். பள்ளிக் கூப்பன் பேசும் அறிஞர்கள் இந்த இரண்டாவது பாதியைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

25 சதவீதத்தின் கணக்கு

இன்று நம் பெற்றோருக்குச் சட்டப்படி இருக்கும் தேர்வுரிமை ஒன்று உண்டு. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டத்தின் 12(1)(சி) பிரிவு அது. தனியார் சுயநிதிப் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடங்களை நலிந்த பிரிவினருக்கும் வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினருக்கும் ஒதுக்க வேண்டும், கட்டணத்தை அரசு கொடுக்கும். தமிழ்நாட்டில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளில் ஆண்டுதோறும் எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இடங்கள் இப்படிக் கிடைத்து வந்தன. இது சின்ன விஷயம் அல்ல. இதன் வழியாகப் போன பிள்ளைகள் நம் தெருக்களிலும் இருக்கிறார்கள்.

ஆனால் கிராமத்தில் இருந்து பார்த்தால் இந்தக் கதவு எவ்வளவு குறுகலானது என்பது தெரியும்.

முதலாவது, தூரம். தொடக்க வகுப்புகளுக்குப் பள்ளியில் இருந்து ஒரு கிலோமீட்டர் சுற்றளவுக்குள் குடியிருக்க வேண்டும். தனியார் பள்ளிகள் சங்கரன்கோவில் நகரத்திலும் பெரிய ஊர்களிலும் இருக்கின்றன. நம் குடியிருப்புகளோ ஊருக்கு வெளியே, நகரத்துக்கு வெகு தொலைவில் இருக்கின்றன. ஊரை விட்டு நம்மைத் தள்ளி வைத்த அந்தப் பழைய தூரம், இப்போது கம்ப்யூட்டர் வரைபடத்தில் நம் விண்ணப்பத்தையும் தள்ளி வைக்கிறது.

இரண்டாவது, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினர் என்பதற்குத் தமிழ்நாட்டில் உள்ள விளக்கம். பட்டியல் சாதியினர், பழங்குடியினரோடு பிற்படுத்தப்பட்டோரும் மிகவும் பிற்படுத்தப்பட்டோரும் அதில் அடக்கம். பொதுப் பிரிவில் இருந்தாலும் ஆண்டு வருமானம் இரண்டு லட்சத்துக்குள் இருந்தால் நலிந்த பிரிவில் வரலாம். ஆக, ஏறக்குறைய எல்லோரும் ஒரே குடத்தில் சீட்டுப் போடுகிறார்கள். பட்டியல் சாதிப் பிள்ளைகளுக்கென்று அந்தக் குலுக்கலில் தனிப் பங்கு கிடையாது. தூய்மைப் பணியாளரின் பிள்ளைகள், ஆதரவற்ற குழந்தைகள், மாற்றுத்திறனாளிக் குழந்தைகள் போன்றோருக்குக் குலுக்கல் இல்லாமலே முன்னுரிமை உண்டு. இது நம் நகராட்சித் தூய்மைப் பணியாளர் பலருக்கும் தெரியாமலே இருக்கிறது.

மூன்றாவது, சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. நெல்லை, தென்காசிப் பகுதியில் பெயர்பெற்ற ஆங்கிலவழிப் பள்ளிகள் பலவும் அந்த வரிசையில் வருபவை.

நான்காவது, செலவு. கல்விக் கட்டணத்தை அரசு கொடுக்கிறது. வேன் கட்டணம், சீருடை, ஷூ, ஆண்டு விழா என்று வருகிற மற்ற செலவுகள் பெற்றோர் தலையில் விழுகின்றன. நூறு நாள் வேலையை நம்பிப் பிழைக்கும் குடும்பத்துக்கு அதுவே பெரும் சுமை. எட்டாம் வகுப்போடு சட்டத்தின் பாதுகாப்பும் முடிந்துவிடும். ஒன்பதாம் வகுப்பில் முழுக் கட்டணம் கட்டு, இல்லையென்றால் மாற்றுச் சான்றிதழ் வாங்கு என்ற நிலை. பதினான்கு வயதில், பிள்ளை விவரம் புரிந்து அவமானப்படும் வயதில் அது நடக்கிறது.

ஐந்தாவது, அரசுகளின் சண்டை. பி.எம்.ஸ்ரீ திட்டத்தில் தமிழ்நாடு சேரவில்லை என்பதைக் காரணமாக்கி ஒன்றிய அரசு சமக்ர சிக்‌ஷா நிதியை நிறுத்தி வைத்தது. நிதி வரவில்லை என்று மாநில அரசு சொன்னது. விளைவு, 2025-26 கல்வியாண்டில் இந்தச் சேர்க்கை உரிய காலத்தில் தொடங்கவே இல்லை. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், அக்டோபரில்தான் சேர்க்கை நடந்தது. பள்ளி திறந்து நான்கு மாதம் ஆன பிறகு யாருக்குப் பயன்? கையில் பணம் வைத்திருந்து முன்கூட்டியே சேர்த்தவர்கள் தப்பினார்கள். குலுக்கலை நம்பிக் காத்திருந்த கூலிக்காரரின் பிள்ளை ஏமாந்தது. உரிமை என்று எழுதிவிட்டு, அதை இரண்டு அரசுகளின் இழுபறிக்கு நடுவில் கட்டித் தொங்கவிட்டால் அதற்கு உரிமை என்று பெயர் அல்ல.

அவர்களும் தேர்ந்தெடுக்கிறார்கள்

பெற்றோருக்குத் தேர்வுரிமை என்று பேசும்போது நம் பெற்றோரை மட்டும் மனதில் வைத்துக்கொள்ள முடியாது. அந்த உரிமை எல்லாப் பெற்றோருக்கும் போகும். அவர்களில் சிலர் அதை எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்பதைத் தமிழ்நாடு கண்ணால் பார்த்திருக்கிறது.

2018-ல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் நம் சமூகத்துப் பெண் ஒருவர் சத்துணவு சமைக்க வந்தபோது, ஆதிக்கச் சாதிப் பெற்றோர் சிலர் பள்ளியையே முற்றுகையிட்டார்கள். 2023 செப்டம்பரில் கரூர் மாவட்டம் வேலன்செட்டியூரில் காலை உணவு சமைப்பவர் பட்டியல் சாதிப் பெண் என்பதற்காகப் பிள்ளைகளைச் சாப்பிட விடவில்லை. மாவட்ட ஆட்சியர் நேரில் போய் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாயும் என்று எச்சரித்தார். அதே மாதம் தூத்துக்குடி மாவட்டம் உசிலம்பட்டியிலும் இதே கதை. நாடாளுமன்ற உறுப்பினர் கனிமொழி அங்கே போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார்.

இப்படிப்பட்ட பெற்றோர் கையில் கூப்பனைக் கொடுத்தால் என்ன நடக்கும்? ‘அவள் சமைக்கும் பள்ளி எங்களுக்கு வேண்டாம், வேறு பள்ளிக்குப் போகிறோம்’ என்று சொல்லாமல் சொல்லிவிட்டுப் போவார்கள். யாரும் அதைத் தீண்டாமை என்று சொல்ல மாட்டார்கள். பெற்றோரின் விருப்பம் என்பார்கள்.

இது நம் கற்பனை அல்ல. அமெரிக்காவில் நடந்தது. வெர்ஜீனியா மாநிலத்தின் பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டியில் 1951-ல் பார்பரா ஜான்ஸ் என்ற 16 வயதுக் கறுப்பின மாணவி, தங்கள் பள்ளியின் மோசமான நிலையை எதிர்த்து மாணவர் வேலைநிறுத்தம் நடத்தினார். அந்த வழக்கும் சேர்ந்துதான், பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்ற 1954-ம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. கறுப்பினப் பிள்ளைகளோடு தங்கள் பிள்ளைகளை உட்கார வைக்க விரும்பாத வெள்ளையர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? 1959-ல் அந்தக் கவுண்டியின் அரசுப் பள்ளிகள் அனைத்தையும் மூடினார்கள். வெள்ளைப் பிள்ளைகளுக்கென்று தனியார் பள்ளியைத் திறந்தார்கள். அங்கே படிக்க அரசுப் பணத்தில் உதவித்தொகையும் கொடுத்தார்கள். 1964-ல் உச்ச நீதிமன்றம் தலையிடும் வரை ஐந்து ஆண்டுகள் அங்கே கறுப்பினப் பிள்ளைகளுக்குப் பள்ளியே இல்லை. பெற்றோரின் தேர்வுரிமை என்ற அழகான சொல்லுக்கு இப்படியும் ஒரு வரலாறு உண்டு. மாணவர்கள் பார்பரா ஜான்ஸைப் பற்றித் தேடிப் படிக்க வேண்டும்.

சிலி நாடு 1981-ல், ராணுவ ஆட்சியின்போது, கூப்பன் முறையைக் கொண்டுவந்தது. வசதியானவர்கள் ஒரு பள்ளியிலும் ஏழைகள் இன்னொரு பள்ளியிலும் குவிந்தார்கள். மாணவர்கள் பல ஆண்டுகள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். அரசுப் பணம் பெறும் பள்ளிகள் பிள்ளைகளைப் பொறுக்கி எடுக்கக் கூடாது, கூடுதல் கட்டணம் வாங்கக் கூடாது என்று 2015-ல் சட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று.

வேன் பள்ளி நிஜமாகவே மேலா?

நம் பெற்றோர் கடன் வாங்கி அனுப்பும் பள்ளியில் உண்மையிலேயே கூடுதலாகக் கற்றுக்கொடுக்கிறார்களா என்பதையும் பார்க்க வேண்டும். ஆந்திரத்தில் 2008-ல் தொடங்கி 180 கிராமங்களில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. கார்த்திக் முரளிதரன், வெங்கடேஷ் சுந்தரராமன் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் நடத்தியது. குலுக்கல் முறையில் சில பிள்ளைகளுக்கு உதவித்தொகை கொடுத்துத் தனியார் பள்ளிக்கு அனுப்பினார்கள். நான்கு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, தெலுங்கிலும் கணக்கிலும் அவர்களுக்கும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் வித்தியாசம் இல்லை. இந்தியில் மட்டும் தனியார் பள்ளிப் பிள்ளைகள் தெளிவாக முந்தினார்கள்.

அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது. அந்தத் தனியார் பள்ளிகள் ஒரு பிள்ளைக்குச் செய்த செலவு, அரசு செய்ததில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. கூப்பன் ஆதரவாளர்கள் இதைப் பெருமையாகச் சொல்வார்கள். அந்தச் சிக்கனம் பெரும்பாலும் ஆசிரியர் சம்பளத்தைக் குறைத்து வந்தது. நம் தெருவில் பி.எட். முடித்துவிட்டு சொற்பச் சம்பளத்துக்குத் தனியார் பள்ளிக்குப் போகும் பெண்களைக் கேட்டால் அந்தச் சிக்கனத்தின் விலை தெரியும். அதே சமயம் அரசுத் தரப்பும் இந்த ஆய்வைக் கண்டு வெட்கப்பட வேண்டும். மூன்று மடங்கு செலவு செய்தும் ஏன் முந்த முடியவில்லை?

அதற்கு ஒரு காரணம் நம் கண் முன்னாலேயே இருக்கிறது. தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் என்பது விதி. ஒன்று முதல் ஐந்து வரை ஐந்து வகுப்புகளுக்கு இரண்டே பேர். அதில் ஒருவர் தலைமை ஆசிரியர். அவர் கூட்டத்துக்கும் கணக்கு ஒப்படைக்கவும் போய்விட்டால் ஒருவர் ஐந்து வகுப்பை மேய்க்க வேண்டும். அந்தத் தாயின் மூத்த மகன் அஞ்சாம் வகுப்பிலும் எழுத்துக் கூட்டிப் படிப்பதற்கு அவனைக் குறை சொல்ல முடியாது. அந்த இரண்டு ஆசிரியர்களை மட்டும் குறை சொன்னாலும் நியாயம் ஆகாது.

பிள்ளைகள் வேன் ஏறினால் எண்ணிக்கை குறையும். எண்ணிக்கை குறைந்தால் ஆசிரியர் பணியிடம் உபரி என்று வேறு ஊருக்கு மாற்றப்படும். ஆசிரியர் குறைந்தால் படிப்பு குறையும், இன்னும் நான்கு பிள்ளைகள் வேன் ஏறுவார்கள். கடைசியில் பள்ளியில் மிஞ்சுவது நம் தெருப் பிள்ளைகள்தான். ஊர்ப் பள்ளிக்கூடம் சேரிப் பள்ளிக்கூடம் ஆகிவிடும். அதன் பிறகு கழிப்பறைக் கதவு உடைந்தாலும் கேட்க நாதி இருக்காது. ஒரு வீட்டுக்குச் சரியாக இருக்கும் முடிவு, பத்து வீடு சேர்ந்து எடுக்கும்போது ஒரு பள்ளியைச் சாகடிக்கிறது.

அதனால் அந்தத் தாயைக் குற்றவாளி ஆக்கலாமா? கூடாது. அரசு ஊழியர்கள், மக்கள் பிரதிநிதிகளின் பிள்ளைகளும் அரசுப் பள்ளியில்தான் படிக்க வேண்டும் என்று 2015-ல் அலகாபாத் உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. அது ஏட்டோடு நின்றுபோனது. அரசுச் சம்பளம் வாங்குபவர்கள் தங்கள் பிள்ளைகளை வேனில் ஏற்றிவிட்டு, கூலிக்காரப் பெண்ணிடம் வந்து அரசுப் பள்ளியைக் காப்பாற்று என்று சொல்வதில் நியாயம் இல்லை.

பள்ளி மாறினால் சாதி மாறுமா?

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் வெட்டுப்பட்ட மாணவரின் குடும்பமும் பிள்ளை நன்றாகப் படிக்கட்டும் என்றுதான் பக்கத்து ஊரில் பெயர்பெற்ற பள்ளிக்கு அனுப்பியது. உடன் படித்த மாணவர்களின் சாதித் தொல்லை தாங்காமல் அவர் பள்ளிக்குப் போவதை நிறுத்தினார். ஆசிரியர்கள் விசாரித்தபோது உண்மையைச் சொன்னார். அதற்காக வீடு தேடி வந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அந்தப் பிள்ளை மருத்துவமனையில் இருந்து எழுந்து வந்து, மறு ஆண்டு பிளஸ் டூ தேர்வில் 600-க்கு 469 மதிப்பெண் எடுத்தார். அந்த மனவுறுதியை வணங்குகிறோம். ஆனால் நம் பிள்ளை படிப்பதற்கு இவ்வளவு ரத்தம் ஏன் சிந்த வேண்டும்?

அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் சாதிக் கயிறு கட்டத் தடை, அகர வரிசைப்படி இருக்கை, பள்ளிப் பெயர்களில் இருந்து சாதியை நீக்குவது, ஒரு பகுதியில் ஆதிக்கம் செலுத்தும் சாதியைச் சேர்ந்தவர்களை அங்கேயே கல்வி அதிகாரிகளாக, தலைமை ஆசிரியர்களாக அமர்த்தாமல் இருப்பது என்று தெளிவான பரிந்துரைகள் அதில் உண்டு. ஆதிதிராவிடர் நலப் பள்ளி என்ற பெயரில் படித்த பிள்ளையின் மாற்றுச் சான்றிதழே அவன் சாதியைச் சொல்லிவிடுகிறது. பெயரை மாற்றத்தான் வேண்டும். ஆனால் பெயரை மாற்றும் சாக்கில் அந்தப் பள்ளிகளுக்கு உரிய நிலமும் நிதியும் விடுதியும் நம் கையை விட்டுப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நாம் கேட்பது

நாம் தேர்வுரிமைக்கு எதிரிகள் அல்ல. நம் பிள்ளைகளுக்கும் நல்ல பள்ளி வேண்டும் என்பதில் சமரசம் கிடையாது. ஆனால் வெளியேறும் உரிமை மட்டும் போதாது. இருக்கிற இடத்தில் கேள்வி கேட்கும் உரிமையும், போகிற இடத்தில் மரியாதையும் வேண்டும்.

அரசிடம் கேட்பவை இவை. 25 சதவீத இடங்களுக்குள் பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளுக்குத் தனிப் பங்கு ஒதுக்க வேண்டும். தனியார் பள்ளி இல்லாத கிராமங்களுக்கு ஒரு கிலோமீட்டர் எல்லையைத் தளர்த்தி, வேன் கட்டணத்தையும் அரசே ஏற்க வேண்டும். எட்டாம் வகுப்போடு கைவிடாமல் பிளஸ் டூ வரை நீட்டிக்க வேண்டும். நிதிச் சண்டை எதுவானாலும் மே மாதத்தில் சேர்க்கை தொடங்கியாக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளைகளின் எண்ணிக்கை எதுவாக இருந்தாலும் வகுப்புக்கு ஓர் ஆசிரியர் வேண்டும். 1964-66 கோத்தாரி குழு சொன்ன அருகமைப் பொதுப்பள்ளி அறுபது ஆண்டுகளாகக் கனவாகவே கிடக்கிறது. அதற்கு முதல் செங்கல் இதுதான்.

பெற்றோருக்குச் சொல்வது. பள்ளியை மாற்றும் முன் கணக்கைப் பாருங்கள். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பிளஸ் டூ வரை படித்தால் மருத்துவம், பொறியியல், சட்டம், வேளாண்மை படிப்புகளில் 7.5 சதவீத இட ஒதுக்கீடு உண்டு. கல்லூரியில் பெண் பிள்ளைக்குப் புதுமைப் பெண், ஆண் பிள்ளைக்குத் தமிழ்ப் புதல்வன் என்று மாதம் ஆயிரம் ரூபாய் உண்டு. கல்வி உரிமைச் சட்டத்தில் எட்டாம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் படித்துவிட்டு, ஒன்பது முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தாலும் 7.5 சதவீதம் கிடைக்கும். உதவிபெறும் பள்ளியில் படித்தால் அது கிடையாது. நம் பகுதியில் உதவிபெறும் பள்ளிகள் அதிகம் என்பதால், பிளஸ் டூ முடித்த பிறகு இதைத் தெரிந்துகொண்டு கலங்கும் வீடுகள் உண்டு. ஆறாம் வகுப்பிலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

இன்னொன்று. ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. உறுப்பினர்களில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிக்குப் பாதி பெண்கள். நம்மைப் போன்ற பிரிவினருக்கு உரிய பங்கு அதில் சட்டப்படி உண்டு. தலைவராகவும் பெற்றோரே வரலாம். கூலி போகுமே என்று அந்தக் கூட்டத்துக்குப் போகாமல் விட்டுவிடுகிறோம். ஆசிரியர் பணியிடம் காலியாக இருக்கிறதா, பிள்ளை வாசிக்கிறானா, எல்லோரையும் ஒன்றாக உட்கார வைக்கிறார்களா என்று அங்கே கேட்கலாம். பதில் வராவிட்டால் மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, ஜனவரி 26 கிராம சபையில் தீர்மானமாகவே போடச் சொல்லலாம். சங்கரன்கோவில் தனித் தொகுதி. சட்டமன்றத்துக்கு யார் போவது என்று தேர்ந்தெடுக்கத் தெரிந்த நமக்கு, பள்ளிக் குழுவுக்கு யார் போவது என்று தேர்ந்தெடுக்கவும் தெரிய வேண்டும்.

கல்லூரியில் படிக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வேலை இருக்கிறது. சேர்க்கைக் காலத்தில் இரண்டு வாரம் தெருவில் உட்காருங்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று, பிறப்புச் சான்று, ஆன்லைன் விண்ணப்பம் இவற்றில்தான் நம் பெற்றோர் இடறி விழுகிறார்கள். இ-சேவை மையத்துக்கு ஒரு நாள் கூலியை விட்டு அலைவதை நீங்கள் மிச்சப்படுத்தலாம். மாலை நேரத்தில் நான்கு பிள்ளைகளை உட்கார வைத்து வாசிக்கச் சொல்லிக் கொடுங்கள். அதற்குத் திட்டமும் வேண்டாம், உத்தரவும் வேண்டாம்.

அந்தத் தறிக்கூடத் தாய்க்கு நாம் கடைசியில் சொன்னது இதுதான்: “சின்னவள எங்க சேத்தாலும் சரி தங்கச்சி, அது உன் பிள்ள, உன் முடிவு. ஆனா மூத்தவன் படிச்ச பள்ளிக்கூடத்த விட்டுப் போறதுக்கு முன்னால ஒரு தடவ அங்க போயி, ஏன் என் மகனுக்கு வாசிக்கத் தெரியலன்னு கேட்டுட்டுப் போ. தனியாப் போவாத, நாங்களும் வாரோம்.”

அவர் யோசித்தார். “வெள்ளிக்கிழம தறிக்கு லீவு சொல்லுதேன்” என்றார்.